பெண்ணையாற்று மணலில் அர்க்காடியஸ்

ரோமானியக் காசு என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தங்கம்தான் நினைவுக்கு வரும். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் ஒரே குவியலாகக் கிடைத்த 501 பொற்காசுகள், கொங்குநாட்டில் பானைகளில் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் என்று பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தது. எனக்கு வாய்த்தது செம்பு. சட்டைப் பொத்தான் அளவு. கறுத்து, விளிம்பு தேய்ந்து, ஒரு கிராம் தேறினாலே பெரிது. தங்கம் பார்க்கப் போனவர்கள் ஒதுக்கித் தள்ளிய இந்தச் சில்லறைமேல் வந்த பற்று எனக்கு இன்றுவரை குறையவில்லை.

இவை திருக்கோவிலூரில் தென்பெண்ணை மணலில் கிடைத்தவை. நான் பள்ளியில் படித்தபோது திருக்கோவிலூர் தென்னார்க்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டமானது, 2019-இல் கள்ளக்குறிச்சிக்குப் போனது. மாவட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் அது மலையமான் ஊர். காரியின் ஊர். ஆற்றுக்குள்ளேயே கபிலர் குன்று நிற்கிறது. மலையமான்கள் வெளியிட்ட செப்புக்காசுகளில் ஒருபக்கம் குதிரை நிற்கும், மறுபக்கம் ஆற்றைக் குறிக்கும் வளைகோடு ஓடும். அந்தக் காசுகள் கிடைத்த அதே மணலில்தான், அவற்றுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய ரோமானியச் செம்பும் கிடைத்தது. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றி 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிறகு வந்த பதிப்பில் அந்த இரண்டு ஊர்களோடு திருக்கோவிலூரும் சேர்ந்துகொண்டது. அமராவதி, வைகை, பெண்ணை என்று மூன்றும் ஆற்றுமணல்தான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் வரலாற்று வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். கிழக்குப் பார்த்த ஜன்னல், அதையொட்டி ஒரு மேசை, மேசைமேல் கறுப்பு வெல்வெட் துணி, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. தேய்ந்த காசை உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக விழ வேண்டும். அப்போதுதான் மயிரிழை மேடுகூட நிழல் தரும். காசை ஜன்னலுக்கு நேரே பிடித்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு திசையில் வெறும் தகடாக இருப்பதில், கால்வட்டம் சுற்றியதும் ஒரு முழங்கால் எழும்பும், அப்புறம் ஓர் இறக்கை.

“மொகத்தப் பாக்காத தம்பி. திருப்பு,” என்பார்.

முதல் பாடம் அதுதான். டைபீரியஸ் காலத்துக் காசில் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மூக்கும் தாடையும் அந்தந்த மனிதருடையவை. நான்காம் நூற்றாண்டு பாதிக்குமேல் போனால் அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது. எல்லாப் பேரரசர்களும் ஒரே முகம்: வலப்பக்கம் பார்த்த தலை, முத்துப் பட்டம், பிடரியில் தொங்கும் பட்டத்து நுனிகள், தோளில் குத்திய அங்கி. வாலன்ஸ், தியோடோசியஸ், அர்க்காடியஸ், ஹொனோரியஸ் யாரை வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆகவே பின்பக்கம். பின்பக்கத்துச் சித்திரம் காலத்தைச் சொல்லும். காலம் தெரிந்தால் யார் யார் பெயர் வரலாம் என்று மூன்று நான்கு பேருக்குள் அடங்கிவிடும். அதன் பிறகுதான் முன்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் எழுத்துக்கு வர வேண்டும்.

அவர் வீட்டில் நான் முழுதாகப் படித்துத் தீர்த்த முதல் காசு நன்றாக நினைவிருக்கிறது. பதின்மூன்று மில்லிமீட்டர் விட்டம். பதினேழுக்குக் கீழே இருப்பதால் ‘ஏ.இ. 4’ என்ற கடைசி வகுப்பு. பின்பக்கத்தில் இடப்பக்கமாக நடக்கும் ஓர் உருவம். முதுகில் இறக்கை, ஆக வெற்றித் தேவதை. தோளில் எதையோ சாய்த்துச் சுமக்கிறாள். மற்றக் கை பின்னால் நீண்டு கீழே போகிறது. அந்தக் கையின் முடிவில் ஒரு சின்ன மேடு. பத்து நிமிஷம் அந்த மேட்டையே பார்த்தேன். காசைச் சாய்த்தபோது அது மண்டியிட்ட ஆளாக மாறியது. அவள் அவன் தலைமயிரைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிறாள். இடப்பக்க வெற்றிடத்தில் கிரேக்க ‘டௌ’ எழுத்தும் ‘ரோ’ எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கிறிஸ்தவக் குறி.

“சொல்லு,” என்றார் சார்.

“சாலுஸ் ரெய்புப்ளிகே, சார்.”

“எழுத்து இருக்கா?”

இல்லை. சுற்றெழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் தேவதையும் கைதியும் அந்தக் குறியும் சேர்ந்தால் வேறு வகையாக இருக்க வழியில்லை. ‘நாட்டின் நலம்’ என்று பொறித்த அந்த வகை 383-ஐ ஒட்டித் தொடங்கி அந்த நூற்றாண்டு முடியும்வரை அச்சிடப்பட்டது. அப்போது காசில் பெயர் போட்டுக்கொள்ளும் உரிமை இருந்தவர்கள் இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், அவர் மகன்கள் அர்க்காடியஸும் ஹொனோரியஸும். இப்போது முன்பக்கம். தலைக்கு வலப்புறம் கடைசி எழுத்துகள் நன்றாகவே நின்றன. ரோமானியர் காசில் ‘யு’ கிடையாது, அந்த இடத்தில் ‘வி’தான். ‘எஸ்-ஐ-வி-எஸ்’ என்று படித்தேன். அதை அடுத்து ‘பி-எஃப் ஏ-வி-ஜி’ என்ற பட்டம். நால்வரில் அந்த முடிவு யாருக்கு உண்டு? அர்க்காடியஸுக்கு ‘டி’ வந்திருக்க வேண்டும், ஹொனோரியஸுக்கு ‘ஆர்’, வாலண்டினியனுக்கு ‘ஏ-என்-வி-எஸ்’. ஆகத் தியோடோசியஸ். அவர் 395 ஜனவரியில் இறந்துபோனார். எனவே காசு 383-க்கும் 395-க்கும் நடுவே. ஒரு சொல்கூட முழுசாக இல்லாத செப்புத் துண்டு பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள் வந்து நின்றுவிட்டது. எனக்கு அன்று பசியே எடுக்கவில்லை.

சாரிடம் இருந்த துணைநூல், கார்சன், ஹில், கென்ட் மூவரும் 1960-இல் வெளியிட்ட பிற்கால ரோமானிய வெண்கலக் காசுப் பட்டியலின் ஜெராக்ஸ் பிரதி. அட்டைக்குப் பதில் பழைய நாட்காட்டித் தாளை ஒட்டியிருந்தார். அதைப் புரட்டிப் புரட்டி வகைகள் மனப்பாடமாயின. இரண்டு படைவீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் 330-335, ஒரே கம்பம் என்றால் 335-க்குப் பிறகு. காசு இளைத்துக்கொண்டே போனதால் இரண்டு கம்பத்துக்கு இடம் போதவில்லை என்று சார் சொல்வார். ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது ரோமாபுரியின் பெயரால் வந்தது. குதிரையிலிருந்து சரிந்து விழும் பகைவனை வீரன் ஈட்டியால் குத்தினால் 348 நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியது, பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். சிலுவை மட்டும் தனியாக நின்றால் ஐந்தாம் நூற்றாண்டுக்குள் வந்துவிட்டோம்.

இவற்றில் நான் மிகவும் விரும்புவது மூன்று பேரரசர் காசு. மூவரும் நேரே நிற்பார்கள், ஓரத்தில் இருப்பவர்கள் கையில் ஈட்டி. நடுவில் இருப்பவர் மட்டும் குள்ளம். தேய்மானம் என்று தள்ளிவிடத் தோன்றும், தேய்மானம் இல்லை. அது குழந்தை. அர்க்காடியஸின் மகன் இரண்டாம் தியோடோசியஸ் 401-இல் பிறந்தான். அடுத்த ஆண்டே அகஸ்டஸ் பட்டம் சூட்டிவிட்டார்கள். ஒருபக்கம் தகப்பன், மறுபக்கம் சித்தப்பன் ஹொனோரியஸ், நடுவில் ஐந்தாறு வயதுப் பிள்ளை. 408-இல் அர்க்காடியஸ் இறந்ததும் இந்தச் சித்திரம் நின்றுபோய், இருவர் மட்டும் நிற்கும் காசு வந்தது. ஒரு குடும்பத்தில் சாவு விழுந்ததைக் காசு இப்படிப் பதிந்து வைத்திருக்கிறது.

அச்சுச்சாலைக் குறி கிடைத்தால் அது பெரிய வரம். பின்பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே இருக்கும். ‘ஏ-என்-டி’ என்றால் சிரியாவின் அந்தியோக்கியா, ‘ஏ-எல்-இ’ என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா, ‘சி-ஓ-என்-எஸ்’ என்றால் கான்ஸ்டான்டிநோபிள். அதன் பின்னால் வரும் கிரேக்க எழுத்து எந்தப் பட்டறையில் அடித்தது என்பதைச் சொல்லும். நம்மிடம் வரும் காசுகளில் பத்தில் எட்டில் அந்த இடம் தகட்டுக்கு வெளியே தப்பிப் போயிருக்கும். தகடு சிறிசு, அச்சு பெரிசு. சார் பிடிவாதக்காரர். காசின் கீழ்விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். அலெக்சாந்திரியா என்று தெரிந்துவிட்டால் அவருக்குச் செங்கடல் வழியும் பருவக்காற்றும் கண்முன் விரிந்துவிடும். அரிக்கமேடு விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ் தூரம். 1945-இல் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய அந்த மேட்டைப் பற்றி, தன் வீட்டுக் கொல்லையைப் பற்றிப் பேசுகிற உரிமையோடு பேசுவார்.

எனக்கு வேலை திண்டிவனத்தில் கிடைத்தது. காலை பாசஞ்சரில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டிப் போக வேண்டும். திண்டிவனத்தில் பழைய பித்தளை, செம்பு எடைக்கு வாங்கும் கடை ஒன்றைச் சாயங்காலங்களில் எட்டிப்பார்ப்பது பழக்கமாயிற்று. அண்டா, குத்துவிளக்கு, உடைந்த குழாய் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு தகர டப்பா இருந்தது. அதில் ஜார்ஜ் மன்னர் காலணா, ஆற்காட்டு நவாபு காசு, சோழர் செப்புக்காசு, அவற்றோடு இந்தச் சின்னக் கறுப்புத் தகடுகள். கடைக்காரர் நல்ல மனிதர், கள்ளமில்லாதவர். “பொம்மைக் காசு சார், ஒண்ணும் போவாது. எடுத்துக்கினு போங்க,” என்பார். மணல் சலிப்பவர்கள் கொண்டுவந்து போடுவார்களாம். மோதிரத் துண்டு, மூக்குத்தி, ஈயக்குண்டு தேடிச் சலிக்கையில் வருவது. எங்கே சலித்தது என்று கேட்டால் கையை மேற்கே காட்டுவார். டப்பா நிறைந்தால் மொத்தமாக உருக்குப் பட்டறைக்குப் போய்விடும்.

அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமில்லை. இன்றும் நினைத்தால் ஆறவில்லை. தங்கக்காசு எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதற்கு விலை இருக்கிறது. செம்பு எடைக்குப் போகும். அந்தியோக்கியாவில் ஒரு பட்டறையில் அடிபட்டு, அரபிக்கடலைத் தாண்டி, மலையமான் நாட்டுச் சந்தையில் கைமாறி, ஆயிரத்தைந்நூறு வருஷம் மணலில் கிடந்து தப்பித்த காசு, குழாய்த் துண்டோடு சேர்ந்து உருகிப்போகிறது.

எடுத்து வந்ததைக் காப்பாற்றுவது இன்னொரு பாடு. ஊரில் எல்லோரும் புளி போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பாத்திரத்துக்குச் சரி. காசில் புளி பட்டால் கறுப்பு மேல்தோல் போய்விடும். அந்தத் தோலில்தான் எழுத்தே இருக்கிறது, அடியில் உள்ள செம்பில் இல்லை. சார் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்காக ஊறப்போடுவார், நீரை மாற்றிக்கொண்டே இருப்பார். மண் இளகியதும் கருவேல முள்ளால், லென்ஸ் வழியாகப் பார்த்தபடி, எழுத்துக்கு இணையாகத் தள்ளுவார், குறுக்கே கீற மாட்டார். மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் காசு என்றால் இரட்டை எச்சரிக்கை. உப்பளக் காற்றில், உவர்மண்ணில் கிடந்த செம்புக்குள் குளோரைடு ஏறியிருக்கும். வெளிர்பச்சைப் பொடி தட்டினால் காசு உள்ளிருந்து அரிபடுகிறது என்று பொருள். அதை உடனே தனி டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பிரித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தினமும் திறந்து பார்ப்போம்.

மரக்காணம் என்றதும் இன்னொன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாட்டு சொல்லும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தால் கிடங்கில் கோட்டை அகழிப்பக்கம் நடந்துவிட்டு வருவேன். பட்டினத்திலிருந்து உள்நாட்டுக்குப் பாணன் நடந்த வழியில்தான் உப்பும் மீனும் போயிருக்கும், சில்லறையும் போயிருக்கும். வெறும் யூகமாக இதைச் சொல்லவில்லை. கடற்கரையில் இறங்கிய காசு திருக்கோவிலூர் வரை உள்ளே வந்திருக்கிறது என்றால், அதைச் சுமந்து வந்த கைகள் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பாடப்புத்தகத்தோடு நேரான சண்டை. நாங்கள் படித்தபோது, சங்ககாலம் முடிந்ததும் களப்பிரர் வந்தார்கள், இருண்ட காலம், பிறகு பல்லவர் என்று மூன்று வரி. அந்த இருட்டுக்குள்தான் இந்தக் காசுகள் வருகின்றன. கான்ஸ்டான்டியஸ் முதல் இரண்டாம் தியோடோசியஸ் வரை, நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில். பேரரசர் மாறினால் இங்கே வரும் காசும் மாறுகிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பியது தங்கம், வெள்ளியைப் பற்றி. அது மிளகுக்கும் முத்துக்கும் பெரிய வணிகர்கள் கொடுத்த விலை. ஒரு கிராம் செம்பை வைத்து மிளகு மூட்டை வாங்க முடியாது. கீரையும் உப்பும் வாங்கலாம். ஆற்றுத்துறையில் ஓடக்கூலி கொடுக்கலாம். அந்தக் காசுகள் தேய்ந்திருக்கும் தேய்ப்பைப் பாருங்கள், பெட்டியில் பூட்டி வைத்தது அப்படித் தேயாது. ஆட்கள் கையில் புழங்கியது.

பழைய செம்பாக உருக்கத்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. காசையே சரக்காக்கி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று கான்ஸ்டான்டியஸ் காலத்தில் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள் என்பதால், அப்படிக் கொண்டுபோனவர்கள் இருந்தது உண்மை. ஆனால் இலங்கையைப் பாருங்கள். அங்கே இந்த வகைக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. போதாமல் போனபோது அங்கேயே அவற்றைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும், தேவதை குச்சி உருவமாக நிற்பாள். உருக்குவதற்கு வாங்கிய பொருளை யாரும் போலச்செய்ய மாட்டார்கள். சந்தை அதைப் பணமாக ஏற்றுக்கொண்டது, அதனால்தான் நகல் வந்தது. கடலின் இரு கரையிலும் ஒரே சில்லறை ஓடிய காலத்தை இருண்ட காலம் என்று எழுத எனக்குக் கை வராது.

சார் ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருந்தார். எடை, விட்டம், பின்பக்கம், முன்பக்க எழுத்து, அச்சுச்சாலை என்று பத்திகள். முதல் பத்தி மட்டும் சிவப்பு மையில்: கிடைத்த இடம். திண்டிவனம் கடை டப்பாவிலிருந்து நான் கொண்டுபோனவற்றுக்கு அந்தப் பத்தியில் ‘கடை, திண்டிவனம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். எவ்வளவு தெளிவான காசாக இருந்தாலும் கேள்விக்குறிதான். தியோடோசியஸ் யார் என்று உலகத்துக்குத் தெரியும், அவர் காசு லண்டனில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. திருக்கோவிலூரில் எந்தத் துறையில், எவ்வளவு ஆழத்தில், கூட வேறு என்னென்னவோடு கிடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அதைச் சலிப்பவரும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. சலிப்பவரின் காதுக்கு அது எட்டியதே இல்லை. எட்டினாலும், தன் ஒருநாள் கூலி போய்விடும் என்ற பயம் அவரைப் பேசவிடாது. அந்தப் பயத்தைப் போக்க யாராவது ஆற்றங்கரைக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். சார் தன் கடைசி ஆண்டுகளில் அதைத்தான் செய்தார்: திருக்கோவிலூர் போய், சலிப்பவர்களோடு டீ குடித்து, காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். நோட்டின் பிற்பகுதியில் கேள்விக்குறி குறைந்திருப்பது அதனால்தான். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மயிலத்தில் அரை மீட்டர் மழை. பெண்ணை கரைமீறி ஓடி, வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் தளமே மாறியிருந்தது. சில வாரம் கழித்து, சாரோடு டீ குடித்தவர்களில் ஒருவரின் மகன் எனக்குப் போன் செய்தான். “ஐயா, நீங்க சொன்னா மாரியே எடுத்த எடத்த போட்டோ புடிச்சி வச்சிகிறேன்,” என்றான்.

மணலூர்பேட்டைப் பாலத்துக்குக் கீழ்ப்புறம், வலக்கரை அரித்துப்போன இடம். கறுப்பு-சிவப்பு ஓட்டுச்சில்லுகள் நாலைந்து கூடவே. படத்தில் எல்லாம் தெரிந்தது. காசை மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் வைத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் மூவர். நடுவில் குள்ளம். முன்பக்கத்தில் ‘ஐ-வி-எஸ்’ மட்டும் மிச்சம். அதற்கு முன் ஒரு செங்குத்துக் கோடும் அதன் வலப்பக்கம் ஒரு வளைவும். கோடு முழுக்க வளைவு ஓடினால் ‘டி’, அர்க்காடியஸ். வளைவு பாதியில் மூடிக் கால் ஒன்று கிளம்பினால் ‘ஆர்’, ஹொனோரியஸ். அந்தக் கால் இருக்க வேண்டிய இடத்தில் மண் கட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. காசு இப்போது நீரில் ஊறுகிறது. நோட்டில் சிவப்புப் பத்தியை நிரப்பிவிட்டேன். தகவலை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க அந்தப் பையனே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அவன் பெயரிலேயே மனு. மண் இளகியதும் பெயர்ப் பத்தியையும் எழுதலாம்.